அடியில் கிடக்கும் சாம்பல் வரி

"தம்பி, பாங்க் மாதிரி இருக்கோணும். நீலம் போடுங்கோ. ஓரத்தில கொஞ்சம் தங்கம்."

இதைச் சொன்னவர் வெள்ளைச் சேர்ட், கறுப்புச் சப்பாத்து, கையில் ஒரு தோல் பையோடு வந்திருந்தார். நான் அப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு அச்சகத்தில் டிசைனர். கல்யாணக் காட், கோயில் திருவிழா நோட்டீஸ், ரியூசன் பனர், செத்தவீட்டுக் கல்வெட்டு என்று போய்க்கொண்டிருந்த நாட்களில் ஒரு 'முதலீட்டு நிறுவனம்' எங்களைத் தேடி வந்தது பெரிய விஷயம். ஒரு லட்சம் போட்டால் மாதம் ஐயாயிரம். வருடத்துக்கு 60 வீதம். அந்தக் கணக்கை நான் போட்டுப் பார்க்கவேயில்லை. நான் கேட்டது மூன்றே மூன்று கேள்வி: எத்தனை பிரதி, ஏ4ஆ ஏ5ஆ, மினுங்கல் தாளா சாதாரணத் தாளா.

மேலே கருநீலம், ஓரத்தில் தங்கக் கோடு, நடுவில் சிரிக்கிற ஒரு குடும்பம். படம் இணையத்தில் எடுத்தது, வெள்ளைக்காரக் குடும்பம். "பரவாயில்லை, சனம் பார்க்காது" என்றார். உண்மையில் வடிவாகத்தான் வந்தது. பெருமையாக ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன்.

என் சின்னம்மா சங்கக்கடையில் 22 வருடம் வேலை செய்தவ. ஒரு கிலோ சீனியில் பத்துக் கிராம் குறைந்தாலும் கையில் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவா. அப்போதுதான் ஈபிஎஃப் காசு வந்திருந்தது. மேசையில் கிடந்த நோட்டீசை எடுத்து வாசித்தா. மூன்று லட்சம் போட்டா. ஐந்து மாதம் காசு ஒழுங்காக வந்தது. ஆறாம் மாதம் போனால் அலுவலகம் பூட்டு. பெயர்ப்பலகை மட்டும் நீலமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவ என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. "நீ செய்த நோட்டீஸ் எண்டபடியாத்தான் மோனை நம்பினனான்" என்று மட்டும் சொன்னா.

இதை எழுதுவது பாவமன்னிப்புக்காக இல்லை. இப்படி ஏதாவது நடந்த பிறகு எங்கள் ஊரில் எல்லோரும் திருப்பித் திருப்பிச் சொல்லுகிற ஒரு சொல்லோடு எனக்குச் சண்டை இருக்கிறது. அந்தச் சொல் 'பேராசை'. "சனத்துக்குப் பேராசை, அதுதான் ஏமாந்தது." ரீக்கடையிலும் இதுதான், பத்திரிகை ஆசிரியத் தலையங்கத்திலும் இதுதான். பேராசை என்றால் என்ன? 22 வருடம் உழைத்த காசை விலைவாசி தின்னாமல் காப்பாற்ற நினைப்பதா? 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. வங்கியில் சும்மா கிடந்த சேமிப்பு அந்த ஒரு வருடத்தில் கண்ணுக்கு முன்னால் கரைந்தது. அப்படியான நாட்டில் நல்ல வட்டி தேடுவது பேராசை இல்லை, பயம். சின்னம்மாவுக்குச் சீனியை நிறுக்கத் தெரிந்தது, கம்பனியை நிறுக்கத் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்று யாரும் கேட்பதில்லை.

சீட்டுப் பிடிக்கிற விஷயத்தில் இதே சின்னம்மா என்ன செய்வா என்று பாருங்கள். யார் பிடிக்கிறது? அவவுக்குச் சொந்த வீடு இருக்கா? போன சீட்டை ஒழுங்காக முடித்தவவா? சீட்டில் இருக்கிற மற்ற ஆக்கள் ஆர்? நாலு கேள்வி. சீட்டுப் பிடிக்கிற அக்கா என்ன நிறச் சேலை கட்டியிருக்கிறா என்று யாரும் பார்ப்பதில்லை. சரியாகச் சொன்னால் இதுதான் ஒரு கம்பனியை மதிப்பிடுகிற முறையும். யார் நடத்துகிறார்கள், கையில் என்ன இருக்கிறது, முன்னர் எப்படி நடந்துகொண்டார்கள், யார் யாரிடமிருந்து காசு வாங்கி யார் யாருக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் நீல நோட்டீசை நீட்டியவுடன் அந்த நாலு கேள்வியும் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. நிறம் செய்கிற வேலை அதுதான். கேள்வி வருவதற்கு முன்னமே பதில் கிடைத்துவிட்டது போன்ற உணர்வைத் தருவது.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வேதம் இருக்கிறது. எந்த மார்க்கெட்டிங் வகுப்புக்குப் போனாலும் அந்த ஸ்லைட் வரும்: நீலம் என்றால் நம்பிக்கை, பச்சை என்றால் இயற்கை, சிவப்பு என்றால் பசி, தங்கம் என்றால் செல்வம். நானும் மனப்பாடம் பண்ணினவன்தான். இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. இலங்கை வங்கி மஞ்சள். சம்பத் வங்கி செம்மஞ்சள். செலான் வங்கி சிவப்பு. இந்த நிறங்களைப் பார்த்து யாராவது வங்கிக்குள் போகாமல் திரும்பி வந்தார்களா? பேஸ்புக் ஏன் நீலம்? நம்பிக்கைக்காக இல்லை. மார்க் சக்கர்பேர்க்குக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரித்துத் தெரியாது, நீலம்தான் நன்றாகத் தெரியும் என்று அவரே சொல்லியிருக்கிறார். நாங்கள் அதற்குப் பிறகு உட்கார்ந்து 'உளவியல்' எழுதுகிறோம்.

நிறத்துக்குப் பலம் இல்லை என்று நான் சொல்லவில்லை. இல்லாவிட்டால் கட்பரி தன் ஊதா நிறத்துக்காக நெஸ்லேயோடு இங்கிலாந்து நீதிமன்றங்களில் வருடக்கணக்காகச் சண்டை பிடித்திருக்காது. ஆனால் அந்தப் பலம் நிறத்துக்குள் இருந்து வருவதில்லை. ஒரு நிறுவனம் பல வருடம் ஒழுங்காக நடந்துகொண்டபோது அதன் நிறத்தில் ஒட்டிக்கொள்வது அது. தோல் பையோடு வந்த மனிதர் என்னிடம் நீலம் கேட்கவில்லை. 'பாங்க் மாதிரி' கேட்டார். இன்னொருவர் உழைத்துச் சேர்த்த நம்பிக்கையை இரவல் கேட்டார். நான் ஏ5 தாளில் எடுத்துக் கொடுத்தேன்.

பெரிய இடங்களிலும் இதே இரவல் விளையாட்டுத்தான். பிபி எண்ணெய்க் கம்பனி 2000ஆம் ஆண்டில் தன் பழைய கேடயச் சின்னத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, பச்சையும் மஞ்சளுமாகச் சூரியகாந்தி போல ஒரு பூவைப் போட்டது. பெற்றோலியத்துக்கு அப்பால் போகிறோம் என்று விளம்பரம். டிசைன் படிக்கிற பிள்ளைகளுக்கு இன்றைக்கும் உதாரணமாகக் காட்டுகிற வேலை அது. 2005 மார்ச்சில் அந்தக் கம்பனியின் டெக்சாஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலை வெடித்து 15 பேர் செத்தார்கள். அடுத்த வருடம் அலாஸ்காவில் அதன் குழாய் துருப்பிடித்து எண்ணெய் கசிந்தது. பங்கு வாங்குகிறவர் பார்க்கவேண்டியது அந்த இரண்டு செய்தியையும்தான், பூவை இல்லை. 2010 ஏப்ரல் 20இல் மெக்சிக்கோ வளைகுடாவில் டீப்வோட்டர் ஹொரைசன் வெடித்து 11 பேர் இறந்தபோது பங்கு விலை இரண்டு மாதம் கொஞ்சத்துக்குள் பாதிக்கும் கீழே விழுந்தது. பூ அப்போதும் பச்சையாகத்தான் இருந்தது.

சரி, எங்கள் நாட்டுக்கு வருவோம். இங்கே தங்கத்தின் கதை தனி. 2008 டிசம்பரில் விழுந்த கம்பனியின் பெயரே கோல்டன் கீ. தங்கச் சாவி. செலிங்கோ குழுமத்தின் கிரெடிட் காட் கம்பனி. வைப்புப் பெறுவதற்கு மத்திய வங்கியின் உரிமம் அதற்கு இருக்கவில்லை. ஆனாலும் ஒன்பதாயிரம் பேருக்கு மேல் அதில் காசு போட்டிருந்தார்கள், சுமார் 2,600 கோடி ரூபாய். படித்தவர்கள், ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்கள், கொழும்பில் நல்லாக இருந்தவர்கள். ஆகவே 'படிக்காத சனம்தான் ஏமாறும்' என்ற கதையையும் இதோடு விட்டுவிடலாம். ஒன்பது வருடம் கழித்து, 2018 ஜனவரியில், மத்திய வங்கி ஈடிஐ நிதிக் கம்பனிக்கும் அதன் துணை நிறுவனத்துக்கும் கட்டுப்பாடு விதித்தது. அந்தத் துணை நிறுவனத்தின் பெயர் சுவர்ணமஹால். மறுபடியும் தங்கம்! ஈடிஐயின் உரிமம் 2020 ஜூலையில் ரத்தானது. அதற்கு இரண்டு மாதம் முன்னர் தி பினான்ஸ் கம்பனியின் உரிமமும் போனது. அது 1940இல் தொடங்கிய கம்பனி, எங்கள் தாத்தாமாருக்குத் தெரிந்த பெயர்.

இந்தக் கடைசி இரண்டையும் கவனியுங்கள். கோல்டன் கீக்கு உரிமம் இல்லை, ஆனால் இவை இரண்டும் உரிமம் பெற்றவை. ஆகவே "மத்திய வங்கிப் பட்டியலில் பெயர் இருக்கா என்று பாருங்கோ" என்று சொல்லி முடித்துவிடுகிற அறிவுரை போதாது. அது முதல் வாசல். அந்த வாசலில் பெயர் இல்லாவிட்டால் திரும்பி வரவேண்டியதுதான், பேச்சே இல்லை. 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித்தொழில் சட்டப்படி உரிமம் இல்லாமல் பொதுமக்களிடம் வைப்பு வாங்குவது குற்றம். விழுந்தால் வைப்புக் காப்புறுதியும் ஒரு சதம் தராது. உரிமம் பெற்ற இடம் என்றால் இப்போது ஒருவருக்கு 11 லட்சம் வரைக்கும் காப்புறுதி. ஈடிஐ விழுந்த காலத்தில் அது ஆறு லட்சம்தான். அதற்கு மேல் போட்டவர்கள் கம்பனியின் சொத்து விற்றுக் காசு வரும்வரை காத்திருக்கவேண்டும்.

வாசலுக்கு உள்ளே போனபிறகு என்ன பார்ப்பது? இங்கேதான் எனக்கு உண்மையான கோபம்.

ஒரு நிதிக் கம்பனியின் தமிழ்ப் பத்திரிகை விளம்பரத்தை எடுத்துப் பாருங்கள். தைப்பொங்கல் நேரத்தில் முழுப் பக்கத்துக்கு வரும். மஞ்சள், சிவப்பு, கரும்பு, கோலம். மங்கலத்துக்கு என்ன நிறம் என்று எங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். வட்டி வீதம் தேங்காய் அளவு எழுத்தில். அப்படியே கண்ணைக் கீழே கொண்டு வாருங்கள். அடியில், சாம்பல் நிறத்தில், எறும்பு வரிசை மாதிரி ஒரு வரி கிடக்கும். கம்பனி எப்போது தொடங்கியது, மத்திய வங்கி உரிமம், பதிவு இலக்கம், கடன் தரப்படுத்தல். (தரப்படுத்தல் என்றவுடன் எங்களுக்குப் பல்கலைக்கழகக் கதைதான் ஞாபகம் வரும். இது வேறு.) பிபிபி மைனஸ், பிபி பிளஸ் என்று எழுத்துகள் இருக்கும். பிபிபி மைனசும் அதற்கு மேலும் என்றால் முதலீட்டுத் தரம். பிபி பிளசும் அதற்குக் கீழும் என்றால் ஊகத் தரம். அதாவது, திருப்பித் தருவார்களா என்பதில் தரப்படுத்துகிறவனுக்கே சந்தேகம். பிபிபி மைனசுக்கும் பிபி பிளசுக்கும் நடுவில் இருக்கிற கோடுதான் அந்த முழுப் பக்கத்தில் உள்ள மிக முக்கியமான கோடு. அதை யாரும் மஞ்சளில் அடித்துக் காட்டுவதில்லை.

அந்த வரியை நான் என் கையாலே சின்னதாக்கியிருக்கிறேன். உரிமம் பெற்ற ஒரு கம்பனியின் வேலை. "இது கட்டாயம் போடோணும் தம்பி, ஆனா டிசைனைக் கெடுக்காமப் போடுங்கோ" என்றார்கள். ஐந்து பொயின்ட் எழுத்து, நாற்பது வீதச் சாம்பல். கண்ணுக்கு உறுத்தாது. உறுத்தக்கூடாது என்பதற்குத்தானே சாம்பல்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நிதிக் கம்பனிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கைப் பத்திரிகையில் போடும், தமிழிலும் போடும். கறுப்பு வெள்ளை, முழுக்க எண், ஒரு படமும் இல்லை. அடுத்த நாள் வடை சுற்ற வருகிற பக்கம் அது. அதில் செயலிழந்த கடன் எத்தனை வீதம் என்று ஒரு வரி இருக்கும். கொடுத்த கடனில் எவ்வளவு திரும்பி வராமல் கிடக்கிறது என்பது அதன் பொருள். பக்கத்து நிரலில் போன வருடத்து எண் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டால் போதும், கம்பனி எந்தப் பக்கம் நடக்கிறது என்று தெரியும். மூலதன விகிதம் என்று இன்னொரு வரி. மத்திய வங்கி கேட்கிற குறைந்தபட்சமும் பக்கத்திலேயே இருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் சொந்தக் காசு இல்லாமல் உங்கள் காசில் கடை நடக்கிறது என்று அர்த்தம். தி பினான்ஸ் 2008 செலிங்கோ நெருக்கடிக்குப் பிறகு எழும்பவேயில்லை. பன்னிரண்டு வருடம் நோயாளியாகவே கிடந்தது. அந்தப் பன்னிரண்டு வருடமும் அதன் பலகை மங்கிப்போகவில்லை.

பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பனி என்றால் ஆண்டறிக்கை. இலங்கையில் ஆண்டறிக்கை என்பது ஒரு கலை. கணக்காளர் நிறுவகம் வருடாவருடம் போட்டி வைத்து விருதே கொடுக்கிறது. முதல் நூறு பக்கம் கல்யாண அல்பம் மாதிரி: தலைவர் சிரிப்பார், தேயிலைத் தோட்டம் பச்சையாக இருக்கும், ஏறுகிற வரைபடம் எல்லாம் பச்சை, இறங்குகிறது எல்லாம் மங்கலான சாம்பல். கணக்கு பின்னால், நிறம் முடிந்த இடத்தில் தொடங்கும். நான் இப்போது பின்னாலிருந்துதான் வாசிக்கிறேன். முதலில் கணக்காய்வாளரின் அறிக்கை. ஒரு பந்தி நிபந்தனை போட்டிருக்கிறாரா, தொடர்ந்தியங்கும் ஆற்றலைப் பற்றிச் சந்தேகம் எழுப்பியிருக்கிறாரா? பிறகு காசுப்பாய்ச்சல். இலாபம் வருடாவருடம் ஏறுது, ஆனால் தொழிலால் வந்த காசு மறையில் நிற்குது என்றால் யோசிக்கவேண்டும். மூலைக்கடை முதலாளி எல்லோருக்கும் கடன் கொப்பியில் எழுதிச் சாமான் கொடுத்துவிட்டு "இந்த மாதம் நல்ல இலாபம்" என்று சொல்வது போலத்தான் அது. கொப்பியில் இலாபம் இருக்கும், லாச்சியில் காசு இருக்காது. கடைசியாக, தொடர்புடைய தரப்பினர் என்ற குறிப்பு. பணிப்பாளரின் இன்னொரு கம்பனிக்கு, குடும்பத்தின் கம்பனிக்கு எவ்வளவு போயிருக்கிறது என்று அங்கேதான் இருக்கும்.

"இதெல்லாம் எங்களுக்கு விளங்காது" என்று சொல்லாதேங்கோ. வருமதியாளர், சென்மதியாளர், ஐந்தொகை, காசுப்பாய்ச்சல் எல்லாம் உயர்தர வர்த்தகப் பிரிவில் தமிழிலே படித்த சொற்கள். எங்கள் தெருவிலேயே அஞ்சு பேர் கணக்கீட்டில் ஏ எடுத்திருக்கினம். பிரச்சினை என்னவென்றால் அந்த ஆண்டறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் மட்டும்தான் வருகின்றன. பொங்கல் வாழ்த்துத் தமிழில் வரும், கோலம் வரும், மஞ்சள் வரும். கணக்காய்வாளரின் சந்தேகம் மட்டும் தமிழில் வராது. 1987இல் தமிழ் அரசகரும மொழியானது, ஆனால் காசு விஷயத்தில் எங்களுக்குக் கிடைத்தது நிறம், அவர்களுக்குக் கிடைத்தது எண். இதைப் பார்த்துவிட்டும் 'பேராசை' என்று சொல்கிறவர்களோடு எனக்குக் கதைக்க ஒன்றும் இல்லை.

எங்கள் வயதுக்காரரையும் விடப்போவதில்லை. 2021இல் கைபேசியிலேயே சிடிஎஸ் கணக்குத் திறந்து சந்தைக்குப் போன பெடியள் எத்தனை பேர்! எனக்குத் தெரிந்த ஒருத்தன் வேலை நேரத்திலும் திரையையே பார்த்துக்கொண்டிருப்பான். "மச்சான், எல்லாம் பச்சை!" கம்பனி என்ன செய்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. 2022 ஜனவரியில் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 13,000ஐத் தாண்டியது. ஏப்ரலில் நாடு கடன் கட்ட ஏலாது என்று அறிவித்தது, சந்தையை ஒரு கிழமை மூடினார்கள், மாத முடிவில் சுட்டெண் 8,000க்கும் கீழே. அவன் திரை முழுக்கச் சிவப்பு. பயந்து எல்லாவற்றையும் விற்றான், நல்ல கம்பனியையும் சேர்த்து. சீனாவிலும் ஜப்பானிலும் விலை ஏறினால் சிவப்பு, இறங்கினால் பச்சை. அவனை அங்கே கொண்டுபோய் விட்டிருந்தால் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்திருப்பானோ என்று யோசிப்பேன். பச்சையில் வாங்கினவனும் நீலத்தில் வைப்புப் போட்ட சின்னம்மாவும் ஒரே பிழைதான் விட்டார்கள். ஆனால் ஒருத்தனை 'இன்வெஸ்டர்' என்கிறோம், மற்றவவைப் பேராசைக்காரி என்கிறோம்.

டிசைன் செய்கிற பிள்ளைகளுக்கு ஒன்று. "நாங்கள் வடிவமைக்கிறது மட்டும்தான், உள்ளடக்கம் வாடிக்கையாளர் பொறுப்பு" என்று சொல்லித் தப்பலாம். நானும் சொன்னேன். ஆனால் நோட்டீசில் பொய் எங்கே இருந்தது? "மாதம் ஐயாயிரம்" என்ற வரியை மட்டும் கறுப்பு எழுத்தில் வெள்ளைத் தாளில் கொடுத்திருந்தால் சின்னம்மாவே சிரித்திருப்பா. அதை நம்பக்கூடியதாக ஆக்கியது என் நீலம். மத்திய வங்கியிடம் கேட்கவேண்டியதும் ஒன்று இருக்கிறது, சின்ன விஷயம்: அடியில் கிடக்கிற அந்த வரி, வட்டி வீதம் எந்த அளவில் இருக்கிறதோ அந்த அளவில், அதே நிறத்தில், விளம்பரம் எந்த மொழியோ அந்த மொழியில் வரவேண்டும். சிகரெட் பெட்டியில் எச்சரிக்கைப் படம் போட முடிந்த நாட்டுக்கு இது கஷ்டமான வேலை இல்லை.

இப்போது நான் தனியாக வேலை செய்கிறேன். காசு வாங்குகிற கம்பனி ஏதாவது வந்தால் நிறம் கேட்க முன்னர் உரிம இலக்கம் கேட்பேன். போன மாதம் ஒருவர் வந்தார். இலக்கம் கேட்டேன். "அது பிறகு தாறன், முதல்ல டிசைனைக் காட்டுங்கோ" என்றார். இல்லை என்றேன். எழும்பிப் போய்விட்டார். மூன்றாம் நாள் பஸ் நிலையத்தில் அந்த நோட்டீசை என் கையிலேயே ஒரு பெடியன் திணித்தான். வேறெங்கேயோ அடித்திருக்கிறார்கள். இந்த முறை பச்சை.